இரண்டாவது வரியில் ஒரு எழுத்து

நேற்று மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்ட மயக்கத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தபோது கார்த்திக்கிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. கார்த்திக் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் சென்னையில், நான் விருதுநகரில், வீட்டிலிருந்தே வேலை. நேரில் பார்த்ததில்லை. கேமராவில்கூட அவன் முகத்தைவிட அவனுக்குப் பின்னால் தொங்கும் கிட்டாரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதை அவன் வாசிக்கிறானா, சும்மா மாட்டி வைத்திருக்கிறானா என்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

“அக்கா, உங்க இன்ஸ்டால் ஸ்கிரிப்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டேன். எதுக்கெடுத்தாலும் இருக்கா, இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பாதிக்கு மேல தேவையே இல்லை. ரெண்டாவது வரியில சம்பந்தமில்லாம ஒத்தை c ஒண்ணு கிடந்துச்சு. அதையும் தூக்கிட்டேன்.”

இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். புது வீட்டுக்குக் குடி போகும்போது எந்தச் சாமான் எந்த அறைக்கு, எந்த அலமாரிச் சாவி யார் கையில் என்று லாரிக்காரர்களிடம் சொல்வோமே, அதேதான். கம்ப்யூட்டரில் அறைக்கு டைரக்டரி என்று பெயர், சாமானுக்கு ஃபைல் என்று பெயர். ஒரே வீட்டுக்கு என்றால் கஷ்டமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் இதே உத்தரவு செல்லுபடியாக வேண்டும் என்றால்தான் தலைவலி. ஒரு வீட்டில் கதவு உள்பக்கம் திறக்கும், இன்னொன்றில் வெளிப்பக்கம் திறக்கும், வேறொன்றில் கதவே இருக்காது. ஆகவே என் ஸ்கிரிப்ட் கேட்டுக் கேட்டுத்தான் போகும். அறை இருக்கிறதா? இல்லையா, கட்டு. கட்டி முடித்தாயா? உள்ளே போனாயா? நிஜமாகவே உள்ளேதான் நிற்கிறாயா, இல்லை வாசலில் நின்றுகொண்டு உள்ளே இருப்பதாகச் சொல்கிறாயா?

எனக்குப் பொருத்தமான வேலை இது. கேஸ் அடைத்திருக்கிறதா என்று படியிறங்கிய பிறகு திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் தேதியைத்தான் பார்ப்பேன், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி. இப்போதுள்ள பிள்ளைகள் இணையத்தில் எவனோ எழுதி வைத்த ஒற்றை வரியை அப்படியே ஒட்டி என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அந்த வரி என்ன செய்யும் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் டீ குடிக்கும் நிம்மதியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் நேற்று எனக்கு வயிறு எரிந்தது அதற்காக இல்லை. அந்த c-க்காக. அந்த எழுத்தைப் படித்ததுமே மூக்கில் மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசனை வந்துவிட்டது. திருத்தங்கல் அச்சகத்து வாசனை. படிப்பை முடித்துவிட்டு நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடம். ரோலரைத் துடைக்கிற துணியிலிருந்து கிளம்பும் அந்த வாசனை என் துப்பட்டாவில் ஏறி, சாயங்கால பஸ்ஸில் என்னோடு விருதுநகர் வரை வரும். பக்கத்து சீட்டில் பட்டாசு கம்பெனி அக்கா யாராவது உட்கார்ந்தால் அவர்களிடமிருந்து கந்தக வாசனை வரும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்வோம்.

அச்சகத்து முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு, பேசிக்கொண்டிருக்கும்போதே நம் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற கண். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள்தான் அங்கே முக்கியமான தொழில். புது லேபிள் ஒன்று தீபாவளிக்கு முன்னால் வெளியே கசிந்துவிட்டால் போயிற்று. அதே படத்தைக் கொஞ்சம் மாற்றி அடுத்த தெருவில் ஓட்டிவிடுவார்கள். அதனால் அச்சகம் முழுக்கச் சந்தேகம்தான் சம்பளம் இல்லாத மேனேஜராக இருந்தது. கழிவுத் தாளைக் குறுக்கே கிழிக்காமல் எடைக்குப் போட மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேன் ஆண்களின் டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பார். லேபிளின் நிஜப் பெயரை டீக்கடையில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு காய்கறிப் பெயர் இருந்தது. “முருங்கைக்காய் லோடு ஏறிருச்சா?” என்று அண்ணாச்சி போனில் கேட்டால், கம்பி மத்தாப்பு லேபிள் போய்விட்டதா என்று அர்த்தம். நான் சேர்ந்த புதிதில் அவர் காய்கறிக் கடையும் வைத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்கும் பிரதி எடுத்து வைக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். “ரெண்டு இருந்தாத்தானம்மா ஒண்ணு வெளிய போகும்?” என்பார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர்களையும் அவர் புதிதாக வாங்க மாட்டார். எங்கேயாவது ஒரு கம்பெனியை மூடினால் அங்கே போய் ஏலத்தில் எடுத்து வருவார். ஆகவே ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. எல்லாம் யூனிக்ஸ் சாதிதான், ஆனால் பங்காளிச் சண்டையில் பிரிந்த குடும்பம் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு வழக்கம் வைத்திருக்கும். ஒன்றில் அறைக்குள் அறையை ஒரே கட்டளையில் கட்டலாம். இன்னொன்று அப்படிச் சொன்னால் விழிக்கும். எழுத்துரு, பார்டர் டிசைன், வண்ண அளவு எல்லாவற்றையும் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி கொண்டுபோய் வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை. ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்து அதன் குணத்தை விசாரித்து எழுதினேன்.

இங்கே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வரிக்கு ஒரு விசேஷம் உண்டு. அது ஃபைலின் உச்சியில் இருந்தால்தான் அதற்கு மரியாதை. ஒரு வரி கீழே இறங்கினாலும் மெஷின் அதை மதிக்காது, வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போய்விடும். என் முதல் வரியில், ‘எந்த வேலை தவறினாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடு, மேலே போகாதே’ என்று உத்தரவு வைத்திருந்தேன். எந்த மெஷின் எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரியாது. முரண்டு பிடித்தால் நிற்கட்டும், பார்த்துச் சரி செய்துகொள்ளலாம் என்று கணக்கு.

ஓட்டிப் பார்க்கத் தோதான நாள் இருக்கன்குடி கோயிலின் ஆடி வெள்ளிக்கு வந்தது. அச்சகத்தில் பாதிப் பேர் மாரியம்மனைப் பார்க்கப் போய்விடுவார்கள், மெஷின்கள் சும்மா கிடக்கும். அண்ணாச்சிக்கு மட்டும் மனசில்லை.

“ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாதேம்மா.”

“புதுசு இல்ல அண்ணாச்சி. இருக்கிற சாமானைத்தான் எடுத்து அடுக்குறோம்.”

“சரி, நீ எழுதுனத ஒரு பிளாப்பியில போட்டு எங்கிட்டக் குடு. நான் ஒரு பார்வை பார்த்துட்டுத் தாரேன். அந்தப் பிளாப்பியத்தான் போடணும், என்ன?”

என்னை நம்பவில்லை என்று புரிந்தது. கொடுத்தேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்து, அவருடைய அச்சகத்தில் அடித்த காலண்டரிலேயே பார்த்து, பிளாப்பியை என் கையில் கொடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்திருக்கிறார். மேலெல்லாம் குங்குமம். குங்குமத்தூள் உள்ளே போனால் டிரைவ் என்ன ஆகும் என்ற கவலையில் துப்பட்டா நுனியால் துடைத்துத் துடைத்துத்தான் செருகினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தோன்றவில்லை. நான் எழுதியதுதானே.

மெஷின் மெஷினாக ஓட்டிவிட்டு, கடைசியில் செல்லத்துரை அண்ணனின் மெஷினுக்கு வந்தேன். செல்லத்துரை அண்ணன்தான் லேபிள் படம் போடுகிறவர். நெடுநெடுவென்று இருப்பார், அதிகம் பேச மாட்டார், நான் அந்தப் பக்கம் போனால் திரையை லேசாகத் திருப்பிக்கொள்வார். அந்த சீசனுக்கு அவர் போட்டிருந்தது குடை பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் அணில். பூச்சட்டிப் பெட்டிக்கு. அச்சகத்துக்குள் அதன் பெயர் கத்திரிக்காய். அந்த அணிலின் கண்ணில், மழை பெய்யப் போகிறதா என்று மேலே பார்க்கிற ஒரு சந்தேகம் இருக்கும். எனக்கு அதை மிகவும் பிடிக்கும். அன்றைக்கு அவர் கோயிலுக்குப் போகவில்லை, வெளிவேலையாகச் சிவகாசி போயிருந்தார்.

ஸ்கிரிப்ட் ஓடியது. திரையில் ஏதேதோ வரிகள் மேலே ஏறிப் போயின. ‘முடிந்தது’ என்று வந்தது. நான் எழுந்து போய்விட்டேன்.

செல்லத்துரை அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை. நேரே அண்ணாச்சி அறைக்குள் போனார். சத்தம் போட்டது அண்ணாச்சி.

“கத்திரிக்காயக் காணோமா? எப்படிலே காணாமப் போகும்?”

லேபிள்கள் இருந்த டைரக்டரி மொத்தமும் துடைத்து வைத்த மாதிரி காலி. அணில் இல்லை, குடை இல்லை, ஒன்றும் இல்லை. அதே சாயங்காலம் டீக்கடையிலிருந்து வந்த ஒருவர் சாத்தூர் ரோட்டில் ஒரு பிரஸ்ஸில் அணில் லேபிள் ஓடுவதாகச் சொன்னார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

“நர்ஸம்மா மகளே, அந்த மெஷின இன்னைக்கு நீ மட்டுந்தானம்மா தொட்ட?”

“ஆமா அண்ணாச்சி.”

“சரி. போறப்ப பையை அங்கன காட்டிட்டுப் போ.”

என் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை. அச்சகத்தில் யாருக்கும் என் பெயர் தேவைப்பட்டதில்லை, நர்ஸம்மா மகள் என்றால் போதும். அன்றைக்கு வாசலில் வாட்ச்மேன் என் பையைத் திறந்து, பர்ஸைத் திறந்து, நான் பஸ்ஸில் படிக்க வைத்திருந்த சின்ன பைபிளையும் எடுத்து உதறிப் பார்த்தபோது, நான் மட்டும் அங்கே நிற்கவில்லை. நர்ஸம்மாவும் நின்றார். லேபிள் திருடி என்று ஒருத்தி பெயர் வாங்கிவிட்டால் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் எங்கேயும் எந்தப் பிரஸ்ஸின் வாசற்படியும் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி எங்கள் கோயிலுக்கும் வந்து சேர்ந்துவிடும், ஜெபம் முடிவதற்கு முன்னால்.

வீட்டில் அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“கத்திரிக்காயக் காணோம்னா அம்புட்டு ரகளை?”

அது லேபிளின் பெயர் என்று விளக்கினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ எடுக்கலைல்ல?”

அண்ணாச்சி கேட்டதில் கோபம் வந்தது, அம்மா கேட்டதில் அழுகை வந்தது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. சந்தேகம் என்பது எங்கள் வீட்டுச் சொத்து, எனக்கு வந்ததே அவரிடமிருந்துதான். ஊசி மருந்துக் குப்பியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் யாருக்கும் போட்டதில்லை. மகளையும் அப்படி ஒரு தரம் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் நேரே போய், பிளாப்பியில் இருந்த ஸ்கிரிப்டைத் திறந்தேன். ஏதாவது தட்டுப்படுமா என்றுதான். தேடவே வேண்டியிருக்கவில்லை. உச்சியில், என் முதல் வரிக்கும் மேலே, தனி வரியில் ஒற்றை எழுத்து உட்கார்ந்திருந்தது. c.

நான் போடவில்லை. சத்தியமாக நான் போடவில்லை. அந்த ஓர் எழுத்தால் என் முதல் வரி இரண்டாவது வரியாகி மரியாதையை இழந்துவிட்டது. செல்லத்துரை அண்ணனின் மெஷின் அறைக்குள் அறை கட்டத் தெரியாத மெஷின். கட்டு என்றால் கட்டவில்லை. உள்ளே போ என்றால் போகவில்லை. நிற்க வேண்டிய ஸ்கிரிப்ட் நிற்காமல், ‘உள்ளே கிடக்கிற பழசைத் துடை’ என்ற அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அந்த மெஷினில் நுழைந்தாலே லேபிள் டைரக்டரியில்தான் நிற்போம். நின்ற இடத்தைத் துடைத்துவிட்டது.

எப்படி என்று தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் பாக்கி. அதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை, என்ன ஆச்சரியம் பாருங்கள். செல்லத்துரை அண்ணன் தான் போடும் ஒவ்வொரு படத்திலும் யாருக்கும் தெரியாமல் எங்கேயாவது தன் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை, ஒரு குட்டி c-யை, ஒளித்து வைப்பார். அணிலின் வால் நுனி சுருண்டிருந்ததே, அது அதுதான். நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன், சொல்லவில்லை. திரையைத் திருப்பிக்கொள்கிற மனிதர், சரியாக அன்றைக்கு வெளியே போன மனிதர், படத்தைச் சாத்தூர் ரோட்டுக்கு விற்றுவிட்டு, பழி என் மேல் விழ, என் ஸ்கிரிப்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என்ன திமிர்!

அண்ணாச்சியிடம் வாயால் சொன்னால் எடுபடாது, தாளில் காட்ட வேண்டும். அச்சகத்தில் பிரிண்டர் இணைத்திருந்தது தமிழ் தட்டச்சு செய்கிற கம்ப்யூட்டரில் மட்டும். ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோய், பக்கம் கோக்கிற மென்பொருளில் ஒட்டி, பிரிண்ட் கொடுத்தேன். அண்ணாச்சியை அழைத்தேன். செல்லத்துரை அண்ணனையும் வரச் சொல்லுங்கள் என்றேன், சினிமாவில் வருகிற மாதிரி. இருவரும் வந்து நின்றார்கள். தாள் மெதுவாக வெளியே வந்தது.

எடுத்துப் பார்த்தால், என் ஸ்கிரிப்டைக் காணோம். தாள் முழுக்கத் தமிழ். தமிழ் என்றால் அர்த்தமில்லாத தமிழ். அந்தக் காலத்தில் இப்போது மாதிரி யூனிகோட் கிடையாது. ஆங்கில எழுத்துக்கே தமிழ் வேஷம் போட்டுத்தான் தட்டச்சு செய்வோம். அந்த மென்பொருள் எதைப் பார்த்தாலும் எங்கள் தமிழ் எழுத்துருவைத்தான் மாட்டிவிடும். என் ஸ்கிரிப்டில் ‘இருந்தால்’ என்று கேட்க if என்று எழுதியிருப்பேன். அந்த if எல்லாம் ‘கை’ என்று ஆகியிருந்தது. என் சந்தேகங்கள் அத்தனையும் பக்கம் முழுக்கக் கை, கை, கை என்று நீட்டிக்கொண்டிருந்தன. மானம் போகிறதே என்று தாளைக் கசக்கப் போனேன். அண்ணாச்சி என் கையிலிருந்து வாங்கினார். உச்சியைப் பார்த்தார். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். உச்சியில் தனியாக, துளிப் பிழையில்லாமல், அழகாக ஒரு உ.

“பிள்ளையார் சுழி,” என்றார் அண்ணாச்சி. “நான் போட்டதுதான். ஆடி மாசமாச்சே, சும்மா எப்படித் தொடங்க? நீங்க வேதக்காரக, சர்ச்சுக்குப் போறவுக, நீ போட்டிருக்க மாட்ட. அதான் எங்கிட்டக் குடுன்னு வாங்கி நானே போட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லலியே அண்ணாச்சி.”

“சொன்னா நீ வருத்தப்படுவியோன்னு இருந்துட்டேன். அதுவும் நீ எழுதுனதத் தொறந்தா ஒரே கை கையா இருந்துச்சு. ஒண்ணும் புரியல. கைராசியா இருக்கும்னு நெனச்சேன்.”

அவருடைய கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் தமிழ் எழுத்துருவில்தான் தெரியும். அவர் தட்டியது உ. ஃபைலில் விழுந்தது c. அவர் பிளாப்பியை வாங்கியது என்னை நம்பாததால் இல்லை. அது ஒன்றைத்தான் நான் மிகச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

முதல் வரியின் மரியாதை பற்றி அண்ணாச்சிக்கு விளக்கிச் சொன்னேன். முடித்ததும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பிள்ளையார் சுழியால் ஒரு காரியம் கெட்டது என்பதை அவரால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. “அப்ப அணிலு?” என்றார்.

அப்போதுதான் செல்லத்துரை அண்ணன் வெளியே போனார். தன் டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். கடைசித் தட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒரு சிடி இருந்தது.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடக் கூடாது. இதுல எல்லாப் படமும் இருக்கு. நாளைக்கு இது நான் போட்டதுன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? அதான் ஒண்ணு வீட்டுல வச்சுக்கிட்டேன். இப்ப மெஷின்ல ஏத்தத்தான் கொண்டாந்தேன். எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன்.”

அண்ணாச்சி சிடியைப் பார்த்தார். டிபன் கேரியரைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார்.

“ஏலே, இத்தன நாளும் என்னத்தலே பார்த்துக்கிட்டிருந்த?”

அந்தக் குரலில் கோபத்துக்கு நடுவே எங்கேயோ ஒரு நிம்மதி இருந்தது. அணில் குடையோடு திரும்பி வந்தது. சாத்தூர் ரோட்டில் ஓடிய லேபிளை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். அது அணில் இல்லை, கீரி. குடையும் இல்லை. செல்லத்துரை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காலு சரியா வரல,” என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணாச்சி என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“ஏம்மா, முதல் வரியில கூடாதுங்கிற. ரெண்டாவது வரியில போட்டா தப்பில்லையே?”

தப்பில்லை. வரிக்கு முன்னால் ஒரு # போட்டுவிட்டால் மெஷின் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். # போட்டு, பக்கத்தில் ஒரு c போட்டேன். அண்ணாச்சி தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, உ இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். அன்றைக்கே ஸ்கிரிப்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி சேர்த்தேன். ‘உள்ளே போனாயா, நிஜமாகவே உள்ளேதான் நிற்கிறாயா’ என்பதெல்லாம் அப்போது வந்தவை. கார்த்திக் தேவையில்லை என்று எடுத்த வரிகள்.

நர்ஸம்மா மகள் பையைப் பார்க்க வேண்டாம் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போயிற்று. நான் விடவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, நானாகப் பையைத் திறந்து, பர்ஸைத் திறந்து, பைபிளையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வாட்ச்மேன் தரையைப் பார்ப்பார். அண்ணாச்சி ஜன்னலில் நின்றால் உள்ளே போய்விடுவார். அது வீம்புதான். ஆனால் அந்த வீம்பு இல்லாவிட்டால் நான் அங்கே தொடர்ந்து வேலை பார்த்திருக்க முடியாது.

பெங்களூரில் வேலை கிடைத்து விலகிய கடைசி நாளும் அப்படியே பையைத் திறந்துகொண்டு நின்றேன். அன்றைக்கு அண்ணாச்சி உள்ளே போகவில்லை. இறங்கி வந்தார். பைக்குள் ஒரு புதுக் காலண்டரைச் சுருட்டி வைத்தார். அவரே ஜிப்பை இழுத்து மூடினார். “போயிட்டு வா தாயி. அம்மாவக் கேட்டதாச் சொல்லு.” பஸ் ஆனைக்குட்டம் விலக்கைத் தாண்டும்வரை நான் அந்த ஜிப்பின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அந்த அச்சகம் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் மண்ணெண்ணெய் வாசனை வருவதில்லை. காய்கறிப் பெயரெல்லாம் எதற்கு? லேபிள் அச்சாவதற்கு முன்பே போனில் ஊரெல்லாம் சுற்றிவிடுகிறது. ஏலத்தில் எடுத்த மெஷின்கள் எந்த எடைக்கடைக்குப் போயினவோ தெரியவில்லை. அந்தத் தமிழ் எழுத்துருவும் போய்விட்டது. இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் c வெறும் c-தான். செல்லத்துரை அண்ணன் கண் தெரியாமல் போய், பிறகு இறந்துபோனார். அண்ணாச்சி அவருக்கும் முன்னாலேயே போய்விட்டார். நான் போகிற கம்பெனிக்கெல்லாம் அந்த ஸ்கிரிப்டை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு போனேன். முதல் வரியில் என் உத்தரவு, இரண்டாவது வரியில் அண்ணாச்சியின் சுழி. சர்ச்சுக்குப் போகிறவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

“அந்தக் கேள்வியெல்லாம் திருப்பிப் போட்டுடு, அந்த c-யையும்,” என்று கார்த்திக்குக்கு எழுதினேன்.

“போட்டுட்டேன்கா. ஆனா அந்த c எதுக்கு?”

பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி ஆரம்பித்தேன். # போட்ட வரி மெஷினுக்காக எழுதுவதில்லை, ஆட்களுக்காக எழுதுவது. அந்த வரியைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் மூன்று பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.